பின்தகரத்துக் கட்டங்கள்

யுத்த காலத்தில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஓடிய பஸ் கரியில் ஓடியது. பெட்ரோல் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு நின்றது. அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, பக்கத்திலுள்ள சக்கரத்தைக் கையால் சுற்றி ஊத வேண்டும். புகை கனிந்து என்ஜினுக்குள் போனதும் பஸ் ஒரு தடவை இருமும். அந்த இருமல் வரும்வரை பிரயாணிகள் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில்தான் கண்டக்டர் நல்லகண்ணு கெட்டுப்போனான்.

காலை ரயிலில் பட்டணத்துப் பத்திரிகைக் கட்டு வரும். அதில் ஒரு பிரதி குற்றாலத்துக்கு. அங்கே சீசனுக்கு பங்களா பிடித்துத் தங்கியிருந்தார் சுந்தரபாண்டியன். ரிட்டையரான போலீஸ் இன்ஸ்பெக்டர். தபாலில் வந்தால் பத்திரிகை மறுநாள் ஆகிவிடும் என்று, ஏஜெண்டிடம் சொல்லி பஸ்ஸில் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுப்பது நல்லகண்ணுவின் பொறுப்பு. மடித்த பத்திரிகை மடித்தபடியே போயிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

ஆனால் அவன் எழுத்தைக் கண்டால் விடமாட்டான். தீப்பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைக்கூடப் படித்துவிட்டுத்தான் குச்சியை எடுப்பான். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் தினமும் ஒரு குறுக்கெழுத்து. நாளுக்கு ஒரு பொருள். ஒரு நாள் அடுக்களை என்றால் மறுநாள் ரயில். அன்றைய சொற்கள் எல்லாம் அந்தப் பொருளைச் சுற்றியே வரும். விடை அடுத்த நாள் பத்திரிகையில்.

ஒரு காலையில் கரி ஈரமாக இருந்து தீப் பிடிக்கவில்லை. அன்றைய பொருள் ஆடை. நல்லகண்ணு படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தான்.

"இரண்டு கரை உண்டு, தண்ணீர் இல்லை. மூணு கட்டம்."

அருவிக்கரையில் துண்டு விற்கும் அப்துல் ஜப்பார் மூட்டைமேல் சாய்ந்தபடியே சொன்னார்: "வேட்டி."

"சேலைக்குந்தான் ரெண்டு கரை" என்றாள் மாடத்தி. அவித்த கடலைக் கூடையை மடியில் வைத்திருந்தாள். குளித்துவிட்டு நடுங்கி வருகிறவர்களுக்குக் கடலை விற்பது அவள் பிழைப்பு.

"சேலைன்னா ரெண்டே கட்டம்க்கா. இங்கன மூணு கெடக்கு."

"அம்மாம் பெரிய சேலைக்கு ரெண்டு கட்டம், நாலு முழ வேட்டிக்கு மூணு கட்டமா? இந்தப் பேப்பர்காரன் ஆம்பிளயாத்தான் இருப்பான்."

டிரைவர் இசக்கியப்பன் பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்துச் சிரித்தான். நல்லகண்ணு காதில் செருகியிருந்த டிக்கெட் பென்சிலை எடுத்து வேட்டி என்று எழுதினான். எச்சில் தொட்டு எழுதினால் ஊதா நிறத்தில் விழும் பென்சில். விழுந்தால் அழியாது.

அதுதான் தொடக்கம். ஒரு வாரத்தில் அது வழக்கமாகிவிட்டது. பஸ் தாமதம் என்று முணுமுணுத்தவர்கள், தாமதம் போதவில்லை என்று முணுமுணுத்தார்கள். மாடத்திக்கு எழுத்து தெரியாது. அதனால் கட்டத்தை அவள் விரலில் எண்ணுவாள். ஜப்பார் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். க்ளீனர் தாணு சக்கரம் சுற்றிக்கொண்டே விடை சொல்லுவான். தாணு செங்கோட்டைக்கு மேற்கே, மலையாளச் சீமையிலிருந்து வந்தவன். நல்ல தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால், "எந்தா, சரியாக்குமோ?" என்று கேட்டுவிட்டு இன்னும் வேகமாகச் சுற்றுவான்.

பஸ் குற்றாலம் சேரும்போது கட்டங்கள் நிறைந்திருக்கும். நல்லகண்ணு பத்திரிகையை மடித்து இன்ஸ்பெக்டர் கையில் மரியாதையாகக் கொடுப்பான்.

இன்ஸ்பெக்டர் மூட்டுவலிக்காக அருவியில் நிற்க வந்தவர். காலையில் குளியல், மத்தியானம் சாப்பாடு. நடுவே அவருக்கு இருந்தது அந்தக் கட்டங்கள்தான். அவர் நேராக பஸ் முதலாளி பால்வண்ணநாதனுக்கு ஆள் அனுப்பினார். எவனோ எனக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எனக்கு எச்சில் இலையை அனுப்புகிறான் என்று சொல்லியனுப்பினார்.

முதலாளி நல்லகண்ணுவைக் கூப்பிட்டார். வெற்றிலையை மென்று முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு ஒரே மூச்சில் பேசினார்.

"ஏலே, நீ டிக்கெட் கிழிக்க வந்தியா, தமிழ் வளக்க வந்தியா? இன்னொரு தடவ அவருகிட்டேயிருந்து புகார் வந்துது, பையக் கழட்டி அந்த ஆணியில மாட்டிட்டுப் போயிட்டே இரு. சீசன்ல இந்த வேலைக்கு வாசல்ல எத்தன பேரு நிக்கான் தெரியுமா?"

நல்லகண்ணுவுக்குத் தெரியும். அவனே அப்படி நின்றுதான் உள்ளே வந்தவன். வீட்டில் மனைவி குருவம்மாள் முழுகாமல் இருந்தாள். அன்று சோறு போடும்போதே அவளிடம் சொல்லிவிட்டான். அவள் காதுக்கு வேறு யார் வழியாகவாவது போனால் இன்னும் மோசம்.

"ஒரு மனுசனால அடுத்தவன் பேப்பரப் படிக்காம இருக்க முடியாதா?" என்றாள் அவள்.

"முடியும்."

"எங்க, அந்த அடுப்பு மேல ஒட்டியிருக்க காலண்டரப் பாக்காம சாப்பிடுங்க பாப்போம்."

அவன் குனிந்து சாப்பிட்டான். இரண்டு கவளத்துக்குப் பிறகு தலை தானாக நிமிர்ந்தது. குருவம்மாள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "புள்ள பொறக்கதுக்குள்ள வேலயத் தொலச்சிட்டு வந்திராதீங்க. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

மறுநாள் அவன் பத்திரிகையைப் பைக்குள் வைத்து மூடிவிட்டான். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. இழவு வீட்டுக்குப் போகும் வண்டிபோல் இருந்தது. மேலகரம் தாண்டியதும் ஜப்பார் தொண்டையைச் செருமினார்.

"நல்லகண்ணு, எழுதக் கூடாதுன்னுதானே உத்தரவு. படிக்கக் கூடாதுன்னா சொன்னாவ?"

அது நியாயமாகப் பட்டது. நல்லகண்ணு பத்திரிகையை வெளியே எடுத்து, விரல் பட்ட அடையாளம்கூட விழாதபடி வேட்டித் துணியில் பிடித்துக்கொண்டு படித்தான். கண்டுபிடித்த சொல்லை ஆளுக்கு ஒன்றாக மனத்தில் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஒன்றாம் நம்பர் ஜப்பார். மூன்று மாடத்தி. குறுக்கே போகும் சொல்லுக்கு எழுத்து வேண்டுமென்றால், "மூணு, உம்ம ரெண்டாம் எழுத்து என்ன?" என்று கேட்க வேண்டும். மாடத்தி முழுச் சொல்லையும் ஒப்பித்துக் காட்டுவாள். மற்றவர்கள் அதிலிருந்து எழுத்தைப் பிரித்துக்கொள்வார்கள்.

நாலைந்து நாள் நன்றாகவே நடந்தது. ஒரு நாள் நாலாம் நம்பரை ஒரு தேங்காய் வியாபாரியிடம் கொடுத்திருந்தார்கள். அவர் இலஞ்சி விலக்கில் இறங்கிவிட்டார். பஸ் நகர்ந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நினைவு வந்தது.

"நாலு இறங்கிட்டாருவே" என்று கத்தினான் இசக்கியப்பன்.

எல்லோரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணாச்சி, உம்ம சொல்லு என்ன" என்று கூப்பிட்டார்கள். தேங்காய் வியாபாரியும் நின்று ஏதோ கத்தினார். கரி என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையை விரித்து, வட்டமாகக் காட்டி, வாயில் வைத்துக் காட்டினார். அது தோசையா அப்பளமா என்று குற்றாலம் வரை சண்டை நடந்தது.

இது சரிப்படாது என்று சொன்னவன் தாணு. அவன் கையில் எப்போதும் கரி இருந்தது. பஸ்ஸின் பின்பக்கத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், பழைய விளம்பரம் ஒன்றை அழித்து வெள்ளை பூசிய தகரம் இருந்தது. அவன் ஒரு கரித்துண்டால் அதில் கட்டம் வரைந்தான். பத்திரிகையில் கறுப்பாயிருந்த கட்டங்களை அழுத்தித் தேய்த்தான். எழுத்துகளை முட்டை முட்டையாக எழுதினான். தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது.

"கோட்டிக்காரா, குத்தாலத்துல இன்ஸ்பெக்டரய்யா பாத்தா?" என்றான் நல்லகண்ணு.

தாணு மலைப் பக்கம் கையைக் காட்டினான். மலை மேகத்துக்குள் இருந்தது. "சாரல் உண்டல்லோ" என்றான்.

அவன் சொன்னபடியே நடந்தது. ஸ்டேஷன் வாசலில் எழுதியது குற்றாலத்து ஏற்றத்தில் சாரலில் கரையத் தொடங்கும். ஊருக்குள் நுழையும்போது தகரத்தில் சாம்பல் நிறத்தில் கோடு கோடாகத் தண்ணீர் வழியும். அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் குடையோடு நிற்பார். பத்திரிகை சுத்தமாக இருக்கும். அவர் அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "ம்" என்பார். முதலாளிக்குப் புகார் போகவில்லை. நல்லகண்ணு வீட்டில் காலண்டரைப் பார்த்தபடி நிம்மதியாகச் சாப்பிட்டான்.

ஒரு நாள் மாடத்தி அவனுக்குக் கடலை கொடுத்தாள். பொட்டலத் தாள் பத்திரிகைத் தாள். இன்ஸ்பெக்டர் பங்களாச் சமையல்காரனிடம் பழைய தாள் வாங்கிப் பொட்டலம் மடிப்பாள். நல்லகண்ணு கடலையைச் சட்டைப் பையில் கொட்டிவிட்டுத் தாளைப் பிரித்துப் படித்தான். அதில் அந்தக் குறுக்கெழுத்து இருந்தது. பாதிக் கட்டம் காலி. மீதியில் எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதி, தாள் ஓரிடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. அவன் அடுத்த நாளும் கடலை வாங்கினான். அதிலும் பாதி காலி.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. தாளை மடித்துத் தூரப் போட்டான். ஆனால் அதன்பிறகு இன்ஸ்பெக்டர் "ம்" என்று சொல்லும்போது அவனுக்குப் பழைய பயம் வரவில்லை. கொஞ்சம் பாவமாக இருந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு காலையில் பத்திரிகை வந்தது. பொருள், வெயில்.

தென்காசியில் அன்று காற்றில்லை. ஸ்டேஷன் வாசல் மரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஜப்பார் விசிறிக்குப் பதில் ஒரு துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"சாரலக் காணமே" என்றான் நல்லகண்ணு.

"மேலகரம் தாண்டினா புடிச்சிரும்" என்றான் இசக்கியப்பன். "என்னைக்கு இல்லாம இருந்துது?"

தாணு கட்டம் வரைந்தான். வேலை ஜரூராக நடந்தது. காலையில் முன்னால் போகும், உச்சியில் காலடியில் ஒளியும் என்றதற்கு மாடத்தி நிழல் என்றாள். வழிப்போக்கனுக்கு வாடகையில்லாச் சத்திரம், ஐந்து கட்டம் என்றதற்கு ஜப்பார் கண்ணைத் திறக்காமலே ஆலமரம் என்றார். தாணு அதை மேலிருந்து கீழே எழுதினான். எல்லாம் நிறைந்து, ஒரு மூலை மட்டும் நின்றது. இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ஆலமரத்தின் ஆ ஏற்கெனவே இருந்தது.

நல்லகண்ணு படித்தான்: "காற்றும் இல்லை, மழையும் இல்லை. குடை வெயிலுக்குத்தான் என்னும் மாதம்."

"ஆவன்னாவுல ஆரம்பிக்க மாசம் எதெது?" என்றார் ஜப்பார்.

"ஆனி, ஆடி, ஆவணி. ஆவணி மூணு கட்டம்."

"அப்போ ஆனி இல்லேன்னா ஆடி."

இசக்கியப்பன் கை தட்டிச் சிரித்தான். "ஆனி ஆடியிலயா காத்தும் மழையும் இல்ல? போன ஆனியில என் தலத்துண்டு காத்துல பறந்து போயி பாலத்துக்கு அந்தப் பக்கம் விழுந்துது. இவன் என்னவே எழுதுதான்?"

"பேப்பர்காரனுக்கு மேலுக்குச் சொகமில்லயோ என்னமோ" என்றாள் மாடத்தி. "அப்பிடி ஒரு மாசமே கெடையாது. சவத்தத் தள்ளு."

எல்லோருக்கும் அது சம்மதம். தவறு பட்டணத்தில்தான். தாணு அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டான். பஸ் இருமியது. ஏறிக்கொண்டார்கள்.

மேலகரம் தாண்டியது. சாரல் பிடிக்கவில்லை. இலஞ்சி விலக்கு தாண்டியது. மலை முழுசாகத் தெரிந்தது. பாறை, மரம், நடுவில் நூல்போல் ஒரு வெள்ளைக் கோடு. இந்த சீசனில் இதுவரை அவர்கள் மலையை இப்படிப் பார்த்ததில்லை. வானத்தில் துணி காயப்போட்டால் நிமிஷத்தில் காய்ந்துவிடும்போல் இருந்தது.

நல்லகண்ணு ஜன்னல் வழியாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"இசக்கி, நிப்பாட்டு. துடச்சிட்டுப் போவோம்."

"ஏத்தத்துல நிப்பாட்டுனா வாயு அடங்கிப் போவும். பொறவு சாயங்காலம் வரைக்கும் ஊதணும். அதுக்கும் முதலாளி உன்னத்தான் ஏசுவாரு."

தாணு கதவைத் திறந்து வெளியே போனான். ஓடுகிற பஸ்ஸில் பின்பக்க ஏணியில் தொங்கிக்கொண்டு, தோள் துண்டால் தகரத்தைத் தேய்த்தான். நாள் முழுவதும் கரி மூட்டை துடைத்த துண்டு அது. தேய்த்த இடம் இன்னும் கறுத்தது. எழுத்து எழுத்தாகவே இருந்தது. ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தபோது அவன் கை நழுவி, ஒற்றைக் கையில் ஊசலாடினான். மாடத்தி அலறினாள்.

"உள்ள வாரும்" என்று நல்லகண்ணு கத்தினான். "நீரு விழுந்தா பேப்பர்க் கேசு போயி கொலக்கேசு ஆயிரும்."

ஜப்பார் தம் மூட்டையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "எல்லாம் புதுத் துண்டு" என்றார். துடைக்கத் தரும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பஸ் குற்றாலத்தில் நின்றது. இன்ஸ்பெக்டர் வழக்கமான இடத்தில், கைத்தடியோடு நின்றிருந்தார். அன்று குடையை வெயிலுக்குப் பிடித்திருந்தார். நல்லகண்ணு பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினான். அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் யாரும் தங்கள் வழியில் போகவில்லை. எல்லோரும் பின்பக்கம் போய், தகரத்துக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். ஜப்பார் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். மாடத்தி சேலைத் தலைப்பை விரித்தாள்.

அவர்கள் சும்மா போயிருந்தால் இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் பார்த்தே இருக்க மாட்டார். முப்பது வருஷம் போலீஸில் இருந்தவருக்குக் கூட்டம் என்றால் கால் தானாக நடக்கும். மூட்டுவலியோடு நடந்தது.

"இங்கன என்ன கூட்டம்?"

"சும்மா நிக்கோம்யா" என்றார் ஜப்பார்.

"சும்மா நிக்கவன் சும்மா நிக்கேன்னு சொல்ல மாட்டான்."

"வெயிலுக்கு நெழல்ல நிக்கோம் ஐயா" என்றாள் மாடத்தி.

"நெழல் அந்தப் பக்கம்லா கெடக்கு. எல்லாரும் கலைஞ்சு போங்க."

அந்தக் குரலுக்கு அவர்கள் கலைந்தார்கள். கலையாமல் இருக்க முடியவில்லை. வெயில் நேராகத் தகரத்தில் அடித்தது. கரி பளபளத்தது. இன்ஸ்பெக்டர் குடையை மடக்கினார். மேலிருந்து கீழ் படித்தார். இடமிருந்து வலம் படித்தார். உதடு அசைந்தது. அவர் முடிக்கும்வரை நல்லகண்ணு பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். குருவம்மாளின் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

"யாரு எழுதினது?"

"ஞான்" என்று தாணு முன்னால் வந்தான். "எழுத்து என்னது. சொல்லு எல்லார்துமாக்கும்."

"பேப்பரத் தெறந்தது நான்தான் ஐயா" என்றான் நல்லகண்ணு. "இவங்க மேல ஒண்ணுமில்ல. பைய நானே முதலாளிகிட்டக் குடுத்திருதேன்."

"உன் பைய நான் கேட்டனா? பேப்பர எடு."

அவர் பத்திரிகையை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கடைசிப் பக்கத்தை விரலால் தடவினார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்ல."

"இல்லய்யா. அன்னைக்குப் பொறவு பென்சில் பக்கமே போகல."

"முன்னால என் பேப்பர்ல எழுதினீங்க. இப்போ நேரா என் கண்ணுலயே எழுதிட்டீங்க. இதுக்கு நான் எந்த செக்ஷன் போட?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் கைத்தடியை நீட்டித் தகரத்தின் மூலையைத் தொட்டார்.

"இது ஏன் காலியாக் கெடக்கு?"

அவ்வளவுதான். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். அது பேப்பர்காரன் தப்பு, அப்படி மாசமே கிடையாது, அவன் மலையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டான், ஆடியில் என் கடை ஓலை பறந்து போனது. இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார்.

"குறிப்பச் சொல்லு."

நல்லகண்ணு பார்க்காமலே சொன்னான். காற்றும் இல்லை, மழையும் இல்லை. குடை வெயிலுக்குத்தான் என்னும் மாதம்.

இன்ஸ்பெக்டர் தகரத்துக்குக் கிட்டே போனார். ஆ என்ற எழுத்தையும் காலிக் கட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தியில் இலை போட்டு, சோறு இன்னும் வராத ஆளைப்போல் இருந்தது முகம். பிறகு மெதுவாக அது மாறியது.

"பட்டணத்துல நான் சைதாப்பேட்டையில இருந்தேன். வெயில்ல நின்னா தொப்பிக்குள்ள தல வெந்துரும். ஒரு காத்து வராது. இங்கன எங்க ராயகிரியில என்ன காத்துன்னு நெனச்சு நெனச்சு ஏங்குவேன். அது எந்த மாசம் தெரியுமா?" தடியால் தரையைத் தட்டினார். "ஆனி."

"ஆனியா?" இசக்கியப்பனால் பொறுக்க முடியவில்லை. "ஐயா கோவிச்சுக்கக் கூடாது. ஆனியில போயி வெயில்னு எழுதினா மலையே சிரிக்கும்."

 இன்ஸ்பெக்டர் தடியை மேலே தூக்கி வானத்தைக் காட்டினார். எல்லோரும் அண்ணாந்தார்கள். கண் கூசியது. ஒரு துண்டு மேகம் இல்லை. அவருடைய குடை கையிடுக்கில் காய்ந்து கிடந்தது.

"இன்னைக்கு என்ன மாசம்?" என்று கேட்டார்.

இசக்கியப்பன் ஜப்பாரைப் பார்த்தான், ஜப்பார் மாடத்தியைப் பார்த்தார். கடைசியில் மாடத்திதான் சொன்னாள்.

"ஆனிதான்யா."

ஜப்பார் முதலில் சிரித்தார். பிறகு இசக்கியப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். வெயிலில் நின்றுகொண்டு வெயில் மாசம் எது என்று தேடியிருக்கிறார்கள். தாணு மடியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான். அவர் சலவை வேட்டி கட்டியிருந்தார். கரித்துண்டைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். காலிக் கட்டத்தில் னி என்று எழுதினார். தாணுவின் எழுத்தைவிடச் சின்னதாக, நறுக்கென்று இருந்தது. விரலை வேட்டியிலேயே துடைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து நின்று முழுக் கட்டத்தையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இத்தன நாளா நம்ம பஸ்ஸுல ஒரு ஆளு கொறஞ்சிருக்கு" என்று மாடத்தி ஜப்பாரிடம் முணுமுணுத்தாள். இன்ஸ்பெக்டருக்குக் கேட்டது. கேட்காததுபோல் இருந்தார்.

"ஐயா, அப்போ முதலாளிகிட்ட..." என்று இழுத்தான் நல்லகண்ணு.

"முதலாளிகிட்ட என்ன? பேப்பர் சுத்தமா வருது. புகாருக்கு எடமில்ல."

அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்.

"நாளைக்குச் சாரல் வந்துருமாலே?"

"வந்துரும்யா."

"வந்தா இதெல்லாம் அழிஞ்சிரும்."

"அழிஞ்சிரும்யா."

"ம்" என்றார். போய்விட்டார்.

நல்லகண்ணு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றான். கடலைப் பொட்டலத் தாளில் விழுந்திருந்த ஓட்டை ஞாபகம் வந்தது.

மறுநாள் சாரல் வந்துவிட்டது. தென்காசியிலேயே தூறியது. அன்றைய பொருள் பறவை. ஸ்டேஷன் கூரைக்குக் கீழே பஸ்ஸை ஒதுக்கி, தாணு கட்டம் போட்டு நிரப்பி முடித்தான். புறப்படும் நேரத்தில் நல்லகண்ணு காலிக் கரிமூட்டைக் கோணி ஒன்றை எடுத்துவந்தான். மேலே வாழைநார் கட்டி, தகரத்தை மூடித் தொங்கவிட்டான்.

"இது எதுக்குவே?" என்றான் இசக்கியப்பன். "அழியணும்னுதானே கரியில எழுதுதோம்?"

"இனிமே அழியக் கூடாது."

குற்றாலத்தில் இன்ஸ்பெக்டர் பத்திரிகையை வாங்கினார். பஸ்ஸின் பின்பக்கம் பார்க்காமல், வேண்டுமென்றே முகத்தை அருவிப் பக்கம் திருப்பிக்கொண்டு, டீக்கடைத் தாழ்வாரத்துக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். பஸ் திரும்பிப் போகும்வரை அவருக்கு நேரமிருந்தது. எழுதினார், அழித்தார், எழுதினார். தாணு சக்கரம் சுற்றத் தொடங்கியதும் எழுந்தார். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

"டயர்ல காத்து சரியா இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"பாத்துச் சொல்லுங்கய்யா" என்றான் நல்லகண்ணு. தான் முன்பக்கம் போய் நின்றுகொண்டான்.

அன்றிலிருந்து தினமும் இன்ஸ்பெக்டர் டயர் பார்த்தார். சீசன் முடியும்வரை பார்த்தார். சில நாள் தாணு எழுதியதை அடித்துவிட்டு நறுக்கென்று வேறு எழுத்துப் போட்டிருப்பார். மறுநாள் விடை வரும்போது அது சில தடவை சரியாகவும் இருக்கும். அன்று மாடத்தி அவருக்கு ஒரு கை கடலை கூடுதலாகக் கொடுத்தனுப்புவாள்.

பால்வண்ணநாதன் ஒரு நாள் குற்றாலத்துக்கு வந்து பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைக் கண்டு விசாரித்ததில், உம்ம கண்டக்டர் ஒழுங்கான ஆள் என்று அவர் சொல்லிவிட்டாராம். முதலாளிக்கு அதில் குறையில்லை. கோணிதான் புரியவில்லை.

"இது என்னத்துக்குலே இங்கன தொங்குது?"

"கரி நனையாம இருக்கதுக்கு முதலாளி" என்றான் நல்லகண்ணு.

கரி மூட்டைகள் எல்லாம் கூரைமேல் நனைந்துகொண்டிருந்தன. முதலாளி அண்ணாந்து பார்க்காமலே அருவிப் பக்கம் போனார்.

பஸ் இருமியது. நல்லகண்ணு விசிலை வாயில் வைத்தான். ஊதவில்லை. பின்பக்கம் இன்ஸ்பெக்டர் தூக்கிய கோணி தூக்கியபடியே இருந்தது. அது தகரத்தில் விழுந்து மோதும் சத்தம் கேட்டது. ஊதினான்.